பாட்டியும் மிருகக் கூட்டாளிகளும்

நடிகை எழுதிய புத்தகம் என்றால் காதல், கல்யாணம், கிசுகிசு இருக்கும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அமெரிக்க டி.வி. நட்சத்திரம் பெட்டி ஒயிட் 2011இல் வெளியிட்ட 'பெட்டி அண்ட் ஃபிரண்ட்ஸ்: மை லைஃப் அட் தி ஜூ' அப்படிப்பட்டவர்களை ஏமாற்றிவிடும். இதில் நட்சத்திரங்கள் எல்லாம் மிருகக்காட்சிசாலைவாசிகள். பக்கத்துக்குப் பக்கம் புகைப்படங்கள், நடுநடுவே குட்டிக் குட்டி அனுபவங்கள். ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம்.

'தி கோல்டன் கேர்ல்ஸ்' தொடரில் வெகுளி ரோஸாக வந்து சிரிக்கவைத்தவர் ஒயிட். புத்தகம் வந்தபோது வயது 89. சிறுவயதில் அவர் ஆசைப்பட்டது வனக் காவலர் வேலைக்கு. பெண்களுக்கு அன்று அந்தக் கதவு மூடியிருந்தது. அமெரிக்க வனத்துறை 2010இல் அவரை கௌரவ வனக் காவலராக்கிப் பழைய கடனைத் தீர்த்தது.

மிருகங்களோடு போஸ் கொடுக்கும் பிரபலங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒயிட் போஸோடு நிற்கவில்லை. 1970களிலிருந்தே லாஸ் ஏஞ்சலிஸ் மிருகக்காட்சிசாலைக்காக உழைத்தவர். நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்தார், நிதி திரட்டினார். 2006இல் அந்த நகரம் அவருக்கு 'மிருகங்களின் தூதர்' பட்டம் கொடுத்தது.

மிருகங்களை நேசிப்பவர் அவற்றை அடைத்து வைப்பதை ஆதரிக்கலாமா? இந்தக் கேள்வி அவரை விடாமல் துரத்தியது. ஒயிட் தரப்பின் வலுவான சாட்சி கலிபோர்னியா காண்டோர் என்ற ராட்சதக் கழுகு. 1982இல் எஞ்சியிருந்தவை 22தான். 1987க்குள் காட்டிலிருந்த எல்லாவற்றையும் பிடித்து லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ மிருகக்காட்சிசாலைகளில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். 1992இல் மீண்டும் வானத்தில் பறக்கவிட்டார்கள். இன்று 500க்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை காட்டில்.

யானை விஷயம் அத்தனை சுலபமல்ல. பில்லி என்ற ஆண் யானைக்காக நகரமே இரண்டுபட்டது. அதைச் சரணாலயத்துக்கு அனுப்பச் சொன்னவர்களில் டி.வி. பிரபலங்கள் பாப் பார்க்கரும் லில்லி டாம்லினும் உண்டு. ஒயிட் மிருகக்காட்சிசாலையின் பக்கம் நின்றார். கடைசியில் 4.2 கோடி டாலரில் புதிய யானை வளாகம் 2010 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒயிட் கட்சிக்கு வெற்றி.

ஆனால் அது நிலைக்கவில்லை. 2023, 2024 ஆண்டுகளில் இரண்டு பெண் யானைகள் உடல்நலம் குன்றிப் போய்ச் சேர, மிஞ்சியவை பில்லியும் டினாவும்தான். 2025 மே மாதம் அவை ஓக்லஹோமாவின் டல்சா மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டன. சரணாலயம் கேட்டவர்களுக்கு இதிலும் திருப்தியில்லை. இந்த முடிவைப் பார்க்க ஒயிட் இல்லை. நூறாவது பிறந்தநாளுக்கு 17 நாள் இருக்கையில், 2021 டிசம்பர் 31 அன்று காலமானார். அந்தப் பிறந்தநாளில் ரசிகர்கள் மலர்வளையத்துக்குப் பதில் மிருகக் காப்பகங்களுக்கு நன்கொடை அனுப்பினார்கள்.

புத்தகம் கலகலப்பானது, சந்தேகமில்லை. மிருகங்கள் மீதான அவருடைய அன்பும் பொய்யில்லை. ஆனால் புகைப்படத்தில் சிரிப்பது போலத் தெரியும் யானை நிஜமாகவே சிரிக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. காண்டோருக்குச் சரியாக இருந்த கூண்டு, நாள் முழுக்க நடந்து பழகிய யானைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.