அடிக்கட்டை இருக்கட்டும்

வெட்டிய மரத்தின் தூரைத் தோண்டி எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் மேடும் முன்னால் சரிவுமாகக் குடியிருக்கிற எவர் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மழைக்காலம் முடிந்ததும் இந்தக் கேள்வி தவறாமல் வரும். "கற்பூர மரம் கூரைமேல சாயுற மாதிரி நின்னுச்சுன்னு அனுமதி வாங்கி வெட்டியாச்சுக்கா. கட்டை மட்டும் நிக்குது. பொக்லைன் சொல்லிடலாமா?" என்று பக்கத்துத் தெருத் தம்பி சென்ற வாரம் கேட்டார். அவர் வீடு குன்னூர்ச் சரிவில் இருக்கிறது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை நினைத்தபடி இறக்க முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதை 2009 நவம்பரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் அடுத்தடுத்து மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊட்டிக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால், பெரிய தூர் ஒன்றைப் பிடுங்கிய குழி என்ன செய்யும்? மேட்டுத் தண்ணீரெல்லாம் அதில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். ஊறிக் கனத்த மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டிய வேரும் அங்கே இருக்காது.

செத்த வேரும் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய வேர்கள் முதலில் மக்கும், தடித்தவை பிறகு. அந்த இடைவெளிக்குள் வேறு செடியின் வேர் அங்கே இறங்கிவிட வேண்டும். ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: கட்டையை இருக்கிற இடத்திலேயே சாகவிடுவது, அதன் பக்கத்தில் அடுத்ததை நட்டுவிடுவது. இரண்டையும் ஒரே பருவத்தில் தொடங்க வேண்டும்.

சாகவிடுவது எளிதில்லை. இந்த மலையில் நம் வீட்டோரம் நிற்கிற மரங்களில் பெரும்பாலானவை வெட்ட வெட்டத் துளிர்ப்பதற்காகவே கொண்டுவரப்பட்டவை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி காப்டன் காட்டன் 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, இங்கே நட்டார். ஊட்டிக்கும் வெலிங்டன் பாளையத்துக்கும் விறகு போதவில்லை, மலைக்காடுகளான சோலைகள் கரைந்துகொண்டிருந்தன. 1850களிலிருந்து கற்பூரமும், வாட்டில் என்கிற சீகையும் தோட்டம் தோட்டமாக ஏறின. ஒருமுறை நட்டால் போதும், வெட்டிய அடியிலிருந்து மறுதாம்பு கிளம்பும், சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம் என்பதுதான் கணக்கு. பிறகு சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது, மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலை அந்தக் கணக்கில்தான் மறைந்தது. புல்வெளியை வெற்று நிலம் என்று எழுதிவைத்த அதிகாரிகள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது, ஓடைகள் பிறக்கிற நிலம்.

கற்பூரக் கட்டையின் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்தில் வேரும் தண்டும் சேருமிடத்தில் ஒரு முண்டு இருக்கும், அதிலும் மொட்டுகள் உண்டு. மரம் போனதும் அவை விழிக்கின்றன. வருகிற துளிரின் இலை பெரிய மரத்தின் அரிவாள் இலை மாதிரி இருக்காது. அகன்று, காம்பில்லாமல், வெண்ணீலம் பூத்திருக்கும். தைலம் காய்ச்சுகிறவர்கள் அந்த இலையைத் தேடிவந்து வாங்குவார்கள். துளிருக்கான முதல் சாப்பாடு வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்து. அந்த இலை விரிந்து வெயிலில் வேலை செய்யத் தொடங்கிவிட்டால், செலவழித்ததை வேருக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு முன்பே, ஒரு சாண் நீளத்தில் கையாலேயே ஒடித்துவிட வேண்டும். சில வாரங்களில் மறுபடி வரும், மறுபடி ஒடிக்க வேண்டும். வேரின் இருப்பு குறையக் குறையத் துளிர் மெலியும், பிறகு நின்றுபோகும். பெரிய மரமென்றால் இரண்டு மழைக்காலம் தாண்டியும் இந்த வேலை இருக்கும். ஒரு பருவம் விட்டுவிட்டால் பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

வேலையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மரத்தைத் தரையோடு ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். பல ஆட்கள் இடுப்புயரத்தில் அறுத்துவிட்டுப் போவார்கள். அத்தனை உயரப் பட்டையிலும் மொட்டு இருக்கிறது. வெட்டியவுடன் கட்டையைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழம்வரை பட்டையைச் சுத்தமாக உரித்துவிட்டு, மண்ணை மேலே மூடிவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது பட்டை எளிதாகக் கழன்று வரும், காய்ந்தபின் கோடாலி வேண்டும்.

சீகையின் குணம் வேறு. இங்கே சீகை என்று ஒரே பெயரில் அழைப்பவற்றில் குறைந்தது இரண்டு இனம் உண்டு. கருஞ்சீகை கட்டையிலிருந்து அவ்வளவாகத் துளிர்க்காது. அதன் பலம் விதை. கடினத் தோலுள்ள விதைகள் மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுவரைகூட உயிரோடு கிடக்கும், நெருப்பின் சூடு பட்டால் தோல் வெடித்து ஒருசேர முளைக்கும். கட்டையைக் கொளுத்திவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கட்டை எரிகிறதோ இல்லையோ, சுற்றிலும் நாற்றங்கால் போட்ட மாதிரி சீகை வரும். வெள்ளிச்சீகைக்கோ வேரிலிருந்தே கன்று வரும். தோண்டி வேரை அறுத்தால், அறுபட்ட துண்டுகள் தனித்தனியாகக் கிளம்பும். தூர் தோண்டுவது சரிவுக்கு ஆபத்து மட்டுமில்லை, இந்த மரத்தைப் பொறுத்தவரை அதைப் பெருக்கும் வழியும்கூட. கட்டை அரைக்கும் இயந்திரம் சமநிலத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் படிகளும் தடுப்புச் சுவர்களுமான நம் மனைகளில் அதை ஏற்றுவதே பாடு. ஏற்றினாலும் அது பரவிய வேரைத் தொடுவதில்லை.

மருந்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். வெட்டிய சில நிமிடங்களுக்குள் கட்டையின் விளிம்பில் கிளைபோசேட் தடவுவது உலகெங்கும் உள்ள முறை, வேலையும் செய்யும். இந்தியாவில் அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம்தான் பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு சிறு தோட்டத்து மரம் ஒன்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். உப்பு, ஆசிட், மண்ணெண்ணெய், பழைய ஆயில் ஆகியவற்றைக் கட்டையில் துளைபோட்டு ஊற்றுவதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். நம் தோட்டத்து மண்ணில் இறங்குவது கீழே இருக்கிற ஊரின் ஊற்றில் வரும். அந்த ஊற்றில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறவர்களைத் தெரிந்தவர்கள் இதில் வாதம் செய்யமாட்டார்கள்.

தேயிலைக்காரர்களுக்கு ஒரு மாற்று நியாயம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டிக் கட்டையை அப்படியே விட்டால், அதில் பூஞ்சை குடியேறி, வேரோடு வேர் தொட்டுத் தேயிலைக்குப் பரவும். கட்டைக் கரிநோய் என்று தோட்டங்களில் பயப்படுவது இதைத்தான். அதனால் தூரைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் சரிவில் அதற்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. 1930களில் நியாசாலாந்தின், இன்றைய மலாவியின், தேயிலைத் தோட்டங்களில் லீச் என்ற ஆய்வாளர் ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சையோடு போராடினார். வெட்டுவதற்கு முன்பே மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்து நிற்கவைத்தார். இலை சமைக்கிற சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. வேர் தன் மாவுச்சத்தைத் தானே தின்று தீர்த்தது. அந்த வெற்று வேரில் ஆர்மில்லேரியாவுக்குப் பிழைப்பில்லை, தீமை செய்யாத வேறு பூஞ்சைகள் வந்து அதை மக்கச்செய்தன. மறுதுளிருக்கான இருப்பையும் அதே வளையம் தீர்க்கிறது. வளையத்துக்குக் கீழே வரும் துளிரை ஒடித்துவிட்டால் போதும். தேயிலைக்கு நடுவே நிற்கும் மரத்துக்கு இது ஏற்றது. வீட்டையோ பாதையையோ ஒட்டிய மரத்தில் செய்யக்கூடாது, நின்றபடியே காய்ந்த மரம் காற்றில் முறிந்து விழும்.

அடுத்து என்ன நடுவது? காட்டுப்பூவரசு, மலைநாவல், தவிட்டுக்கொய்யா. இவற்றின் நாற்றுகள் கிடைக்கிற நர்சரிகள் இப்போது மலையில் இருக்கின்றன. வெயில் திறந்த இடமென்றால் மலைப்புல்லே நல்லது, அதன் வேர் அடர்ந்து இறங்கும். மரமே வேண்டும் என்பதில்லை. இந்த மலையின் பெரும்பகுதி மரமில்லாமல்தான் வளமாக இருந்தது.

வீட்டில் நடப்பதுதான் மலையிலும் நடக்கிறது. அயல் மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்துகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் வெட்டுவதில் மரம் கிடைக்கும், அதை வாங்க ஆலை இருக்கும். மூன்றாம் ஆண்டு சீகை நாற்றைப் பிடுங்குவதில் யாருக்கும் வருமானம் இல்லை. தென்னாப்பிரிக்கா 1995இல் நீருக்காகவே பெரிய திட்டம் தொடங்கிக் கருஞ்சீகையை வெட்டியது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த இடங்களில் அது பலித்தது, போகாத இடங்களில் சீகை முன்னைவிட அடர்ந்தது. கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் வேலை செய்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: சீகை நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் முளைத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். எங்கே வெட்டுவது, எங்கே காத்திருப்பது என்று இடம் பார்த்து முடிவு செய்ய ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு ஆண்டுதோறும் கூலி வேண்டும்.

1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி நாம் ஒற்றை மரத்தை வெட்டவும் அனுமதி வாங்குகிறோம். அந்த அனுமதியிலேயே இரண்டு நிபந்தனை சேர்க்கலாம் என்பது என் கோரிக்கை: சரிவில் தூர் தோண்டக்கூடாது, மூன்று ஆண்டுகள் துளிர் ஒடித்து, பக்கத்தில் நட்ட சோலை நாற்றைக் காட்ட வேண்டும். வனத்துறை தன் குத்தகை ஒப்பந்தங்களிலும் இதையே எழுதட்டும். பக்கத்துத் தெருத் தம்பி பொக்லைன் சொல்லவில்லை. கட்டையின் பட்டையை உரிக்க வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன்.