விருந்தளித்தவரின் பொறுப்பு எங்கே முடிகிறது?

காசு வாங்கிக்கொண்டு மது ஊற்றுகிறவருக்குப் பொறுப்பு உண்டு. அன்பினால் ஊற்றுகிறவருக்கு இல்லை. வட அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் இந்தப் பிரிவினையின் மீதே நின்று வந்திருக்கிறது. போதையேறிய வாடிக்கையாளர் ஒருவரை இரவில் ஒரு விடுதி வெளியேற்றியது. நெடுஞ்சாலையோரம் நடந்து சென்ற அவர்மீது கார் மோதியது. அந்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு விடுதியைச் சாரும் என்பதை 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் குடித்தது ஒரு நண்பரின் வீட்டில் என்றால்?

1984இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடை சொல்ல நேர்ந்தது. வீட்டுக்கு வந்த நண்பருக்கு விஸ்கி கொடுத்தவர், அவரைக் கார் வரை சென்று வழியனுப்பினார். சுமார் இருபத்தைந்து நிமிடங்கள் கழித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று தொலைபேசியில் விசாரித்தார். அதற்குள் அந்தக் கார் எதிரே வந்த ஒரு பெண்ணின் காரில் நேருக்கு நேர் மோதியிருந்தது. விருந்தினர் போதையில் இருக்கிறார், வண்டியும் ஓட்டப் போகிறார் என்று அறிந்தே மது கொடுத்தவர், அதனால் காயமுற்ற மூன்றாம் மனிதருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் தலைமை நீதிபதி வைலன்ட்ஸ்.

2006இல் கனடா உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அது ஒரு புத்தாண்டு விருந்து. அவரவர் மதுவை அவரவரே கொண்டுவந்திருந்தனர். விருந்தளித்தவர்கள் கொடுத்தது நள்ளிரவில் சிறிதளவு ஷாம்பெயின் மட்டுமே. திரும்பும் வழியில் விருந்தினர் ஒருவர் ஏற்படுத்திய விபத்தில் ஒருவர் இறந்தார். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தாள். ஆயினும் விருந்தளித்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று தலைமை நீதிபதி மக்லாக்லின் எழுதினார். விருந்தினர் எவ்வளவு போதையில் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததாக நிறுவப்படவில்லை. ஒரு வயதுவந்தவரின் தேர்வில் குறுக்கிட்டுத் தடுக்கும் கடமையும் அவர்களுக்கு இல்லை.

இவ்விரு தீர்ப்புகளும் முரண்படுவதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நிலைதடுமாறுகிறவருக்கு, அவர் வண்டி ஓட்டப் போவதை அறிந்தே மேலும் ஊற்றுகிறவர் ஆபத்தை உருவாக்குவதில் பங்காளி ஆகிவிடுகிறார் என்று வாதிடலாம் என்பதைக் கனடாத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. இடம் கொடுப்பது வேறு. கண்ணால் கண்டபின்னும் கோப்பையை நிரப்புவது வேறு. கோடு அங்கேதான் விழ வேண்டும் என்பது என் துணிபு.

நியூ ஜெர்சித் தீர்ப்பில் நீதிபதி காரிபால்டி மாறுபட்டு எழுதினார். போதையை அளந்தறியும் பயிற்சி வீட்டுக்காரருக்கு இல்லை. இழப்பீட்டுச் சுமையை வணிகர் விலையில் ஏற்றலாம், வீட்டுக்காரர் எதில் ஏற்றுவார்? புறந்தள்ள முடியாத வாதம் இது. ஆனால் 1987இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. போதை வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டும். குடித்த வயதுவந்தவர் தனக்கு நேர்ந்த தீங்குக்கு வழக்குத் தொடுக்க முடியாது. வீட்டுக்காரர் தம் தவறின் விகிதத்துக்கு மேல் கொடுக்கவும் வேண்டியதில்லை.

கலிபோர்னியா சென்ற வழியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நீதிமன்றம் 1978இல் விருந்தளித்தவரைப் பொறுப்பாக்கியது. அதே ஆண்டு சட்டமன்றம் அதை மாற்றியது. தீங்குக்குக் காரணம் குடித்ததே, கொடுத்தது அன்று என்று அறிவித்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குத் தம் வீட்டில் மது கொடுக்கும் பெரியவர்களுக்கு மட்டும் 2011 முதல் விலக்கு. ஒரு விளைவுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பது போன்ற இந்த அறிவிப்பு, சாலையில் அடிபட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் சொல் விளையாட்டு.

இதில் இழப்பீட்டுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. 'போதும்' என்று விருந்தினரிடம் சொல்வது எந்த நாட்டிலும் கடினம். அது உபசாரக் குறைவாகவும் நட்பின்மீது ஐயமாகவும் படும். அந்தச் சங்கடத்திலிருந்து விருந்தளிப்பவரை விடுவிக்கச் சட்டத்தால் முடியும். 'உன்னை நம்பாமல் இல்லை, நாளை நானும் பதில் சொல்ல வேண்டும்' என்று கூறிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள அது ஒரு நாகரிகமான சாக்கைத் தருகிறது. விருந்தோம்பலுக்குச் சட்டம் பகை என்போர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.