பிரிப்பதும் இடிப்பதும்

இளையரசனேந்தலில் ஒரு பழைய வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஓடுகளை அடுக்கிவிட்டு, உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கி, நிலையைச் சிராய்ப்பில்லாமல் வேப்பமரத்தில் சாய்த்திருந்தார்கள். “வீட்டை இடிக்கிறீங்களா?” என்றதும் பெரியவர் முகம் சுண்டிவிட்டது. “பிரிக்கோம்யா” என்றார். அந்த நிலையும் உத்திரமும் இன்னொரு வீட்டில் ஏறும். அதனால்தான் அந்தச் சொல். இடிப்பது என்றால் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு நடந்தது. 1799இல் அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தகர்த்தான். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, சில நாட்களிலேயே அதே மண்ணைக் குழைத்துக் கோட்டையை எழுப்பிவிட்டார். அதே ஆண்டு மே மாதம் கோட்டை மறுபடி விழுந்தபோது தரைமட்டமாக்கினார்கள். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது நம் பக்கத்து வழக்கு. பகைவர் கோட்டையைக் கழுதை ஏர் பூட்டி உழுத செய்தி புறநானூற்றிலேயே உண்டு. ஆக, ‘தரைமட்டம்’ சுவரைப் பற்றிய சொல் மட்டுமல்ல, அங்கே ஒருவர் வாழ்ந்த தடமே இருக்கக் கூடாது என்ற வெறி அதில் இருக்கிறது. இன்று குடிசைகள் மேல் பொக்லைன் ஏறும்போது நோட்டீசில் ‘அகற்றம்’ என்று போடுகிறார்கள். குப்பையை அகற்றலாம், அடுப்பு எரிந்த வீட்டை இடித்தோம் என்றே எழுதட்டும்.