1,600 கடைகள், சில மாதங்களில் மொத்தமாகப் பூட்டு: சுபிக்ஷாவுக்கு என்னதான் ஆச்சு?

இன்று 30 வயதைத் தாண்டிய சென்னைவாசிகளுக்கு ‘சுபிக்ஷா’ என்றதும் ஞாபகம் வருவது ஏசி இல்லாத, இடுக்கான, பளபளப்பே இல்லாத ஒரு கடை. ஆனால் அங்கே துவரம் பருப்பிலிருந்து பற்பசை வரை எம்ஆர்பி-யைவிடக் குறைந்த விலை. மாசச் சம்பளக் குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

2008 செப்டம்பரில் நாடு முழுக்க அந்தப் பெயரில் 1,600-க்கும் மேற்பட்ட கடைகள். 2009 தொடக்கத்தில் எல்லாமே பூட்டு. விற்பனை மந்தம், கிளை மூடல், ஆட்குறைப்பு என்று வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கமான சரிவு இல்லை இது. ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுரோட்டில் டீசல் தீர்ந்து நின்றதுபோலத்தான் நின்றது.

போட்டியும் உலகப் பொருளாதார நெருக்கடியும்தான் சுபிக்ஷாவைக் கொன்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எந்த ரொக்கம் அந்தக் கடையை வளர்த்ததோ, அதே ரொக்கம் இல்லாமல்தான் அது விழுந்தது.

குறைந்த விலை எங்கிருந்து வந்தது?

ஐஐடி மெட்ராஸிலும் ஐஐஎம் அகமதாபாத்திலும் படித்த ஆர்.சுப்பிரமணியன், 1997-இல் சென்னை திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார். அப்போது ‘சூப்பர் மார்க்கெட்’ என்றாலே மெயின் ரோடு, கண்ணாடிக் கதவு, ஏசி என்று ஒரு கணக்கு இருந்தது. ஏசி காற்றுக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் காசு வாங்குகிறார்கள் என்ற சந்தேகம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எப்போதும் உண்டு. சுபிக்ஷா அந்தச் சந்தேகத்தையே வியாபாரமாக்கியது. உள் தெருவில், வாடகை குறைவான இடத்தில், சுமார் ஆயிரம் சதுர அடியில் சின்னக் கடை. வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தே வரும் தூரம். மளிகை, காய்கறியோடு மருந்தும் தள்ளுபடியில் கிடைத்தது. மாதாமாதம் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாங்கும் வீடுகளுக்கு அந்தத் தள்ளுபடியே தனி வருமானம் மாதிரி.

ஆனால் வாடகையில் மிச்சம் பிடித்தது மட்டும் இந்த விலையைக் கொடுத்துவிடாது. முக்கியமான சூட்சுமம் கொள்முதலில் இருந்தது.

பொதுவாக மளிகை வியாபாரம் கடனில்தான் ஓடும். சரக்கை இறக்கிவிட்டு, விற்ற பிறகு பணம் வாங்கிக்கொள்ளும் பழக்கம் அது. பணம் எப்போது வரும், முழுசாக வருமா என்ற ரிஸ்க்கையும் டிஸ்ட்ரிபியூட்டர் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். சுபிக்ஷா இதைத் தலைகீழாக்கியது. முடிந்தவரை நிறுவனங்களிடமே மொத்தமாக வாங்கும். கையில் காசு கொடுத்து வாங்கும். அதற்கு ஈடாகக் கூடுதல் தள்ளுபடி கேட்கும். அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு லட்சம் ரூபாய்க்கு ரொக்கத்தில் சரக்கு வாங்கி, பத்து நாளில் விற்றுத் தீர்த்துவிட்டால், அதே ஒரு லட்சம் மாசத்துக்கு மூன்று சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கிடைப்பது சின்ன லாபம்தான் என்றாலும் மாசக் கடைசியில் கணிசமாகச் சேர்ந்துவிடும். ‘வொர்க்கிங் கேபிடல்’ என்று எம்பிஏ வகுப்பில் சொல்வதும், ‘முதல் ரொட்டேஷனில் இருக்கணும்’ என்று அண்ணாச்சி சொல்வதும் ஒன்றுதான். சுபிக்ஷாவின் இன்ஜினே அதுதான். ரொக்கம் இருக்கும்வரை விலை குறைவு, விலை குறைவாக இருக்கும்வரை கூட்டம், கூட்டம் இருக்கும்வரை ரொக்கம்.

தமிழ்நாட்டுக்குள் இந்தக் கணக்கு அழகாக வேலை செய்தது. 2000-இல் ஐசிஐசிஐ வென்ச்சர் நிறுவனம் ₹15 கோடி போட்டு 10 சதவீதப் பங்கை வாங்கியது. அடுத்த சில வருடங்களில் நூறைத் தாண்டிய கடைகள், தெரிந்த ஊர், தெரிந்த சப்ளையர், தெரிந்த வாடிக்கையாளர். அங்கேயே நின்றிருந்தால் என்ற கேள்வி இன்றும் வணிக வட்டாரத்தில் கேட்கப்படுகிறது. நின்றிருக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். ஏனென்றால் 2006-இல் ரிலையன்ஸ் ஃபிரெஷ் ஹைதராபாத்தில் கடை திறந்தது. 2007-இல் பிர்லா குழுமம் திரிநேத்ராவை வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கியது. பெரிய கைகள் வருவதற்குள் நாடு முழுக்க இடம் பிடித்துவிட வேண்டும் என்று சுப்பிரமணியன் முடிவெடுத்தார்.

நாளைக்கு இரண்டு கடை

சுமார் 150 கடைகளாக இருந்த செயின், இரண்டே முக்கால் வருடத்துக்குள் 1,600-ஐத் தாண்டியது. சராசரியாகப் பார்த்தால் மூன்று நாளைக்கு நாலைந்து கடை. வேகம் பிடித்த மாதங்களில் நாளைக்கு இரண்டுக்கும் மேல். டெல்லி, மும்பை, அகமதாபாத் என்று சுபிக்ஷா என்ற பெயரையே கேள்விப்படாத ஊர்களிலும் போர்டு மாட்டப்பட்டது. மளிகையோடு மொபைல் போன் விற்பனையும் சேர்ந்துகொண்டது. 2007-08-இல் விற்பனை ₹2,300 கோடியைத் தொட்டதாக நிறுவனம் சொன்னது.

ஒவ்வொரு புதுக் கடைக்கும் அட்வான்ஸ், ரேக், கம்ப்யூட்டர், ஆட்கள், முதல் சரக்கு எல்லாம் வேண்டும். திறந்த முதல் நாளே கடை லாபம் காட்டாது. புது ஊரில் காலூன்ற மாதங்கள் ஆகும். இப்படித் திரும்பிவர நாளாகும் செலவுக்குப் போட வேண்டியது பங்கு முதலீடு, அதாவது வட்டி கேட்காத, தவணை கேட்காத பணம். சுபிக்ஷா போட்டது பெரும்பாலும் வங்கிக் கடன். ₹700 கோடிக்கு மேல் கடன் ஏறியது. பங்கு வெளியீடு வரும், அதில் கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த வெளியீடு வரவே இல்லை.

2008-இல் விப்ரோ அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவில் 10 சதவீதப் பங்கை ₹230 கோடிக்கு வாங்கியது பெரிய செய்தியானது. பிரேம்ஜியே பணம் போட்டுவிட்டார், இனி என்ன கவலை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பங்கை விற்றது ஐசிஐசிஐ வென்ச்சர். ஆகவே ₹230 கோடியும் போனது விற்றவர் கைக்கு. சுபிக்ஷாவின் கல்லாவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஸ்டார்ட்அப் செய்திகளில் ‘இத்தனை கோடி முதலீடு’ என்று படிக்கும்போது, பணம் கம்பெனிக்குள் போகிறதா, பழைய பங்குதாரர் வெளியே போக உதவுகிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

செப்டம்பர் 2008-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானது. இந்திய வங்கிகளும் கையை இறுக்கின. அக்டோபரில், தீபாவளி சீசனில், சுபிக்ஷாவிடம் ரொக்கம் தீர்ந்தது.

வேறொரு கடையாக இருந்தால் கொஞ்ச நாள் கடன் சொல்லிச் சமாளித்திருக்கும். சுபிக்ஷாவின் மொத்த உறவுமே ரொக்கத்தின் மேல் கட்டப்பட்டது. காசு நின்றதும் சரக்கு நின்றது. ரேக் காலியாக இருக்கும் கடைக்கு யாரும் இரண்டாவது தடவை வருவதில்லை. ஆனால் வாடகை, கரண்ட் பில், சம்பளம், வட்டி எதுவும் நிற்காது. வளர்ச்சிக்கு உதவிய அதே சக்கரம் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது.

சம்பளம் இல்லாமல் ஊழியர்கள் நின்றார்கள். வாடகை வராமல் கட்டட உரிமையாளர்கள் பூட்டுப் போட்டார்கள். பணம் கிடைக்காததால் செக்யூரிட்டி ஏஜென்சிகள் காவலர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. காவலில்லாத நூற்றுக்கணக்கான கடைகளில் சரக்கும் கம்ப்யூட்டரும் ரேக்கும் களவுபோயின. ₹300 கோடி கிடைத்தால் மீண்டும் திறந்துவிடலாம் என்று சுப்பிரமணியன் சொல்லிவந்தார். கடனை மாற்றியமைக்கும் பேச்சு வங்கிகளோடு நடந்தது, கைகூடவில்லை. கடனை நம்பி இவ்வளவு வேகமாக விரித்தது தப்பு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

அப்படியானால் மாடலே தப்பா?

இல்லை என்பதற்கு மும்பையில் சாட்சி இருக்கிறது. ராதாகிஷன் தமானி 2002-இல் தொடங்கிய டி-மார்ட் நம்புவதும் இதே விஷயங்களைத்தான்: சப்ளையருக்குச் சீக்கிரம் பணம், அதற்குப் பதிலாகத் தள்ளுபடி, எப்போதும் குறைந்த விலை, அலங்காரம் கம்மி. ஆனால் முடிந்தவரை சொந்த இடத்தில் கடை, ஒரு பகுதி நன்றாக வேரூன்றிய பிறகே அடுத்த பகுதி. 15 வருடம் கழித்து, 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் அதனிடம் 130 சொச்சம் கடைகள்தான் இருந்தன. சுபிக்ஷா கிட்டத்தட்ட அந்த எண்ணிக்கையில் இருந்தபோதுதான் தமிழ்நாட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்தது. டி-மார்ட் வந்த காலம் கொஞ்சம் அதிர்ஷ்டமானது என்று வாதாடலாம்தான். ஆனாலும் அதிர்ஷ்டம் வரும்வரை உயிரோடு இருக்க, தவணை கேட்டு யாரும் கதவைத் தட்டாமல் இருப்பது பெரிய உதவி.

சுபிக்ஷாவின் கதை கடைகளோடு முடியவில்லை. சுப்பிரமணியன் அதற்கு முன்பிருந்தே ‘விஸ்வப்ரியா’ என்ற நிதி நிறுவனத்தையும் நடத்திவந்தார். அதிலும் அதைச் சார்ந்த நிறுவனங்களிலும் பணம் போட்டவர்களுக்கு முதல் திரும்பி வரவில்லை. 587 பேரிடம் ₹137 கோடி மோசடி செய்ததாக நடந்த வழக்கில், 2023 நவம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. திருவான்மியூரில் முதல் கடை திறந்து அப்போது 26 வருடம் ஆகியிருந்தது.