ஒசாகாக் கோட்டைத் தூண்
ஜப்பானில் ஒசாகாக் கோட்டையின் பிரதான வாயிலைத் தாங்கும் தூண்களுள் ஒன்றின் அடிப்பாகம் இற்றுப்போக, 1923-ஆம் ஆண்டு அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுப் புதுமரம் ஒட்டுப்போட்ட தச்சரைப் பற்றி அண்மையில் படித்ததிலிருந்து, என் மனம் வேறு விஷயங்களில் செல்ல மறுக்கிறது. நாக்கைத் துளையில் செருகுவதும், முனை விரிந்த புறாவாலை அதற்கேற்ற பள்ளத்தில் இறக்குவதும் எந்த தேசத்துப் பட்டறையிலும் பாலபாடந்தான். ஆனால் இந்தத் தூணிலோ எதிரெதிரான இரு முகங்களில் புறாவால் தெரிகிறது, மற்ற இரு முகங்களிலும் கூரை முகடாக உயர்ந்த வெட்டுத் தெரிகிறது. புறாவால் பிடித்துக்கொள்வதால் மேலிருந்து இறக்கியிருக்க முடியாது. முகடு வழிமறிப்பதால் பக்கவாட்டில் தள்ளியிருக்கவும் முடியாது. பின் எப்படித்தான் உள்ளே புகுந்தது? பார்த்தவர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எலும்பு முறிவுக்குப் பிடிக்கும் எக்ஸ்ரேயை மரத்துக்கும் பிடித்த பிறகே, உள்வெட்டுச் சாய்வாக ஓடுவதும், நேராகவோ குறுக்காகவோ அன்றிச் சரிவில் வழுக்கியே இரு துண்டுகளும் இணைந்ததும் வெளிப்பட்டன. வெறும் பாரத்தைத் தாங்குவதற்கு இத்தனை யுக்தி அநாவசியம் என்று சிக்கனக்காரர் எவரேனும் வாதித்தால் நான் மறுக்கப் போவதில்லை. ஆயினும் ஒட்டை மறைக்க முயலாமல், போவோர் வருவோரெல்லாம் நாற்புறமும் சுற்றிப் பார்க்கும்படி நிறுத்திவிட்டுப் போன அம்மனிதரின் கர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விடையைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஊரறியச் சொல்லிவிட்டார்களே என்பதில்தான் சற்று வருத்தம்.