திணை அறிந்து மீன் விடுதல்

தஞ்சாவூரில் ஒரு தமிழ் விரிவுரையாளனின் வீட்டில் கடல்மீன் தொட்டி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காரணம் என் மகள்தான். 2003-இல் வெளிவந்த அந்தக் கோமாளி மீன் திரைப்படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. படத்தில் வரும் மீன் வீட்டுக்கும் வரவேண்டும் என்றாள். 90 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் இரண்டு கோமாளி மீன்கள், மூன்று நீல டாம்சல்கள், ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், ஒரு மாண்டரின் ஆகியவற்றைப் பைகளில் கட்டிக் கொடுத்தார். அழகுக்கு இருக்கட்டும் என்று வெளுத்த பவளத் துண்டு ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். "எல்லாம் சேந்து இருக்கும் சார், பயப்படாதீங்க" என்றார் அவர்.

மூன்றாம் மாத முடிவில் தொட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு டாம்சல். அது கொழுத்திருந்தது.

அந்த மரணங்களுக்கு நோயையோ விதியையோ காரணம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் மீன்களைத் தேர்ந்தெடுத்த முறையே காரணம். புடவைக் கடையில் நிறம் பார்ப்பதுபோல் நிறம் பார்த்து எடுத்தேன். இத்தனைக்கும் ஆண்டுதோறும் வகுப்பில் திணைக் கோட்பாட்டைப் பாடம் நடத்துகிறவன் நான். இன்ன நிலத்துக்கு இன்ன உணவு, இன்ன மரம், இன்ன பறவை என்று கருப்பொருளை வரிசைப்படுத்துகிறது தொல்காப்பியம். ஓர் உயிர் எந்த நிலத்தில், எதை உண்டு, எவற்றோடு வாழ்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த உயிர் நமக்குப் புரியும் என்பதே அதன் உட்பொருள். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நேர்மாறாக நடந்துகொண்டேன்.

கடைக்கு வெளியே நமக்கு இந்த அறிவு இல்லாமல் இல்லை. விராலையும் அயிரையையும் ஒரே பானையில் உயிரோடு விட்டுவைப்பவர் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒருவரும் இருக்கமாட்டார். எது எதைத் தின்னும் என்பது வாய்க்காலில் கச்சா போடும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். கடல்மீன் என்றதும் அந்த அறிவை வாசலிலேயே கழற்றிவைத்துவிடுகிறோம்.

பவளத்திட்டு நம் மருத நிலத்துக்கு முற்றிலும் அயலானது என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தஞ்சை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. அதிராம்பட்டினமும் மல்லிப்பட்டினமும் நம்முடையவைதாம். ஆனால் அது சேற்றுக் கடல். நெல்லுக்கு உரமாகும் காவிரியின் வண்டல் பவளத்தின் மேல் படிந்தால் அதை மூச்சுமுட்டச் செய்துவிடும். நன்னீரும் அதற்கு ஆகாது. தெளிந்த, வெதுவெதுப்பான, உப்பு மாறாத நீர்தான் பவளத்துக்கு வேண்டும். அது வேண்டுமானால் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகவேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி அந்த உலகம் இருக்கிறது. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக அவற்றில் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன.

அந்த உலகத்தில் யாருக்கு யாருடன் ஒத்துப்போகும் என்பதை என் தொட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது; பிறகு நூல்களும் உறுதிப்படுத்தின. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள பவளத்தின் சதையைக் கொறித்து வாழ்பவை. பவளம் இருந்தால் அதை அழிக்கும். இல்லாவிட்டால் தான் பட்டினி கிடக்கும். மாண்டரின், பாறை இடுக்குகளில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுதும் பொறுக்கித் தின்பது. பெரிய, பழைய தொட்டியில்தான் அவை போதுமான அளவு பெருகும். புதிய தொட்டியில் எவ்வளவு தீனி தூவினாலும் அது பெரும்பாலும் சீண்டாது. டாம்சல் விலை மலிவு, உடல் உறுதி, பார்க்க அழகு. ஆனால் இடத்துக்காகக் கொலை செய்யத் தயங்காதது. கடலில் துரத்தப்பட்ட மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். 90 லிட்டரில் அடுத்த பாறை ஏது?

சிறிய தொட்டி சுலபமானது என்பதும் ஒரு பொய். நீர் குறையக் குறையப் பிழை பெரிதாகும். ஒரு மீன் செத்து அழுகினால் பெரிய தொட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். சிறிய தொட்டி ஒரே இரவில் நஞ்சாகிவிடும். மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி வெறுமையாக ஓடவேண்டும். மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் உள்ளவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகவே என் கருத்து இது. சிறிய தொட்டிக்கு மீன் தேர்வது என்பது பெரும்பாலும் வேண்டாதவற்றை விலக்குவது. முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம், என்ன தின்னும், தன் இனத்தையே சகிக்குமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே கடையில் உள்ள பெரும்பாலான மீன்கள் விலகிவிடும். அதே படத்தில் வரும் நீல டாங் கையளவு கடந்து ஓர் அடி வரை வளரக்கூடியது. சிங்க மீனுக்குச் சிறுமீன்கள் இரை. அதன் முள்ளிலும் நஞ்சு. எஞ்சுவது ஓர் இணை கோமாளி மீன். இரண்டை இளமையிலேயே சேர்த்துவிட்டால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். மூன்றாவதை விட்டால் பெரும்பாலும் அது அடிபட்டே சாகும். கடற்சாமந்தி இல்லாமலும் அவை நன்றாக வாழும். கூட ஓர் உளுவையும், நகத்தைச் சொடுக்கும் சிறு இறாலும் இருக்கலாம். சில உளுவை இனங்களுக்கும் இந்த இறாலுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. பார்வை மங்கிய இறால் வளை தோண்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீன்மேல் வைத்தபடியே வேலை செய்யும். சாதுவானதை முதலில், முரடானதைக் கடைசியில் விடவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பவளம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கல்பவளங்கள் அனைத்தையும், கடல்விசிறிகளையும், கடற்குதிரைகளையும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள இடம் அது. நான் அழகுக்காக வாங்கிவந்த அந்த வெளுத்த துண்டு சட்டப்படி குற்றம் என்பதை மிகவும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது சுட்ட மண்ணால் ஆன செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. மீன் ஒளிவதற்கு அவை போதும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், குளிர்விப்பான் இல்லாத தொட்டியில் நீர் 30 பாகைக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சூட்டில் பவளம் தன்னுள் வாழும் பாசியை உமிழ்ந்துவிட்டு வெளுக்கும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பெரும் பரப்பில் நடந்ததும் அதுதான். மீனையும் கடலில் பிடித்ததாக வாங்காமல், தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்கலாம். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் மறுத்தார். "திணை மயக்கம் என்று ஒன்று இருக்கிறதே, ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்று இலக்கணமே அனுமதிக்கிறதே" என்றார். உண்மைதான். ஆனால் பறவை தானாகப் பறந்து வந்தது. நாமாகக் கொண்டுவந்து விட்டவற்றின் கதை வேறு. 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா இன்று ஜிலேபி என்ற பெயரில் நம் குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளர்ப்புக்கென மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் தொட்டியிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய சிங்க மீன், அட்லாண்டிக் கடலோரத்துச் சிறுமீன்களை இன்றளவும் தின்று தீர்க்கிறது. அலுத்துப்போன மீனை ஆற்றிலோ கடலிலோ விடுவது புண்ணியம் என்று எண்ணுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பவை நான்கு உயிர்கள்: இரண்டு கோமாளிகள், ஓர் உளுவை, ஓர் இறால். அந்த டாம்சலை, பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால் பையை வைத்துவிட்டு முதலில் தொட்டியின் முன் உட்கார்ந்து நான்கையும் எண்ணுகிறாள். ஓராண்டுக்கும் மேலாகக் கணக்கு குறையவில்லை.