நாடா தெரிஞ்ச பிள்ளைக்கு ஷட்டில் தெரியாதா?

பத்தாவது இங்கிலீஷ் பரீட்சையில இணைச்சொல்லுக்கு 3, எதிர்ச்சொல்லுக்கு 3, ஆக 6 மார்க். அதுக்காக எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் வருஷம் பூரா ஒரே பாராயணம். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை. ரெண்டுமே தெரியாத பிள்ளைக்கு என்னங்க விளங்கும்?

மனப்பாடமே கூடாதுங்கிற ஆள் இல்ல நான். ஆனா வார்த்தை ஒட்டிக்க ஒரு இடம் வேணும். அது பிள்ளைக வீட்டுலயே இருக்கு.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நாடான்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு பாவுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறது. அதுக்கு இங்கிலீஷ்ல ஷட்டில்னு ஒரு தடவை சொன்னாப் போதும். ரெண்டு ஊருக்கு நடுவுல போய்ப் போய் வர்ற பஸ் ஏன் ஷட்டில் சர்வீஸ், இறகுப்பந்து ஏன் ஷட்டில், 2011 வரைக்கும் விண்வெளிக்குப் போய் வந்த அமெரிக்க வண்டிக்கு ஏன் அந்தப் பேரு, எல்லாத்தையும் பிள்ளையே சொல்லிடும். ஃபாஸ்ட்னா வேகம்னு மட்டும் நோட்டுல எழுதியிருக்கும். சாயம் போகாத நூல் 'ஃபாஸ்ட் கலர்'. அங்க ஃபாஸ்ட்னா கெட்டியாப் பிடிச்சது. சீட் பெல்ட்டை 'ஃபாஸ்டன்' பண்றதும் அதே வார்த்தைதான். அட, டெக்ஸ்ட் புக்ல வர்ற டெக்ஸ்ட்டே நெய்யிறதைக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. டெக்ஸ்டைலுக்குச் சொந்தக்காரன் :-)

திருச்சுழிப் பக்கம் கரிசக்காடு, மானாவாரி. டேங்க்னா மொட்டைமாடித் தொட்டின்னு நினைக்கிற பிள்ளைகிட்ட, நம்ம ஊர்க் கண்மாய்க்கும் இங்கிலீஷ்ல டேங்க்தான்னு சொல்லிப் பாருங்க.

அதே திருச்சுழியில பிறந்த வேங்கடராமன் 1896ல மதுரையில படிச்சப்போ, இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூணு தடவை எழுதிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு தடவை எழுதினார். மூணாவதுக்கு உக்காந்தவர் மூடி வச்சிட்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பிட்டார், ரமண மகரிஷி ஆனார். நம்ம பிள்ளைக புத்தகத்தை மூடினா நேரா மில் வேலைக்குத்தான் போகும்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லைம்பாங்க வாத்தியாருங்க. நியாயம்தான். ஆனா வாரத்துல ஒரு நாள், அவங்கவங்க வீட்டு வேலையில புழங்குற பத்துச் சொல்லைத் தமிழ்ல எழுதிட்டு வரச் சொல்லலாம்ல? அதுக்கு இங்கிலீஷ் தேடுறது வகுப்போட வேலை. பாவு எது, ஊடை எதுன்னு வாத்தியாருக்கே தெரியலைன்னா பிள்ளைககிட்ட கேட்டுக்கட்டும். சந்தோஷமாச் சொல்லுங்க.